வைகைக்குச் சுறா வருமா?

மதுரை நெல்பேட்டை மீன் அங்காடியில், விடிவதற்குச் சற்று முன்னரே இராமேசுவரத்துச் சரக்கும் தூத்துக்குடிச் சரக்கும் வந்து இறங்கி, பனிக்கட்டி உருகிய ஜலம் கற்பலகைகளின் விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கும் வேளையில், கடலும் கண்மாயும் ஒரே வரிசையில் அருகருகே கிடக்கின்றன. ஒரு கூறில் இன்னமும் வாயசைக்கும் விரால். அதற்கடுத்து அணைக்கட்டுக் கட்லாவும் ரோகும். அதற்கும் அடுத்து, சாம்பல் நிற முதுகும் வெளுத்த வயிறுமாக, முழங்கை நீளத்தில் நாலைந்து பால் சுறாக்கள். தகப்பனாருடன் வந்திருந்த பையன் ஒருவன், சுறாவின் முதுகை வால்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக ஒரு விரலால் தடவிப் பார்த்து, அதன் சுரசுரப்பில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஏன் அக்கா, இது நம்ம கம்மாய்ல கெடக்குமா?" என்று கேட்டான். "கம்மாய்ல வாளைதான் கெடக்கும் சாமி. இது உப்புத் தண்ணிச் சரக்கு. நல்ல தண்ணியில விட்டா அரை மணி நேரம் தாங்காது" என்று சொல்லிக்கொண்டே, அந்த அம்மாள் அரிவாள்மனையில் துடுப்பை நறுக்கி ஒதுக்கினார்.

உலகில் இன்று அறியப்பட்டுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுறா இனங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் அந்த அம்மாளின் விடை பொருந்தும். பொருந்தாத சில உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால், ஏதோ ஒரு குளத்தில் சுறா நீந்துவதாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி படங்கள் பறப்பதும், அவற்றைக் கண்டு ஒருவர் நடுங்குவதும் மற்றொருவர் நகைப்பதும் வழக்கமாகிவிட்ட இந்நாளில், அந்தச் சில சுறாக்களின் வரலாற்றை நிதானமாக ஆராய்வது நமக்குப் பயன்தரும். ஏனெனில் ஆராய்ச்சி சுறாவில் தொடங்கினாலும், அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் வைகையின் மணல்.

அடுக்களையில் தெரியும் ரகசியம்

சுறாவை வாங்கி வந்து, நேரம் கழித்துச் சமைக்க நேர்ந்தவர் எவரும் அந்த நெடியை அறிவர். மற்ற மீன் கெட்டால் வீசும் நாற்றம் வேறு. சுறாவில் எழுவது மூக்கின் உள்ளே சுரீரென்று ஏறும் அம்மோனியா நெடி. அதைப் போக்கத்தான் மஞ்சள் கலந்த கொதிநீரில் துண்டுகளை இட்டு, தோலை உரித்து, மீண்டும் மீண்டும் அலசி, அதன்பிறகே பூண்டும் இஞ்சியும் சேர்த்துப் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு ஆக்குகிறார்கள். அந்த நெடியின் மூலகாரணம் யூரியா. நம் உடல் சிறுநீரில் கழித்துவிடும் அதே பொருளைச் சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிறது. உயிர் போனபின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க, அம்மோனியா கிளம்புகிறது.

இவ்வளவு யூரியாவை ஒரு பிராணி சுமப்பானேன்? உப்பில் இட்ட மாவடு தன் ஜலத்தை இழந்து சுருங்குவதுபோலவே, கடலில் வாழும் உடலும் சதா தன் நீரைச் சுற்றியுள்ள உப்பு நீருக்குப் பறிகொடுக்கும் அபாயத்தில் இருக்கிறது. மற்றக் கடல் மீன்கள் ஓயாது கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி இந்த நஷ்டத்தை ஈடுகட்டுகின்றன. சுறாவோ யூரியாவைச் சேர்த்துவைத்து, தன் இரத்தத்தின் செறிவைக் கடல்நீரின் செறிவைக் காட்டிலும் ஒரு துளி அதிகமாகவே வைத்துக்கொள்கிறது. ஆகையால் அதன் உடலிலிருந்து நீர் வெளியேறுவதில்லை. குடலின் கடைப்பகுதியில் உள்ள ஒரு சுரப்பி மிகுதி உப்பைக் கழித்துவிடும்.

இத்தனை நேர்த்தியான ஏற்பாடு நன்னீரில் தலைகீழாகிவிடுகிறது. வெளியே உப்பு இல்லை. உள்ளே உப்பும் யூரியாவும் நிறைந்திருக்கின்றன. ஆற்றுநீர் அதன் உடலுக்குள் வெள்ளமாகப் புகுகிறது. இரத்தம் நீர்த்து, உப்பு கரைந்து, பெரும்பாலான சுறாக்கள் மாண்டுபோகின்றன.

காளைச் சுறா எனப்படும் ஓரினம் இதற்கு மாற்று கண்டிருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து உள்ளே வரவர, அதன் ஈரல் யூரியா உற்பத்தியைக் குறைக்கிறது. சிறுநீரகம் கடலில் இருந்ததைப்போல் பல மடங்கு நீர்த்த சிறுநீரை இடைவிடாது வெளியேற்றுகிறது. உப்புச் சுரப்பி வேலையைத் தணித்துக்கொள்கிறது. செவுள்கள் ஆற்றுநீரில் உள்ள அற்ப உப்பையும் விடாமல் ஈர்த்துக்கொள்கின்றன. தாய்ச்சுறா முகத்துவாரத்தில் குட்டிகளை ஈன்றுவிட்டுக் கடலுக்குத் திரும்ப, குட்டிகள் ஆற்றிலேயே சில ஆண்டுகள் வளர்கின்றன. அங்கே அவற்றை விழுங்கப் பெரிய சுறாக்கள் வருவதில்லை. வளர்ந்தபின் இனம் பெருக்க அவை கடலை நாடியே ஆகவேண்டும்.

ஏரியிலே சிறைப்பட்டவை

மத்திய அமெரிக்காவில், நிகராகுவா ஏரியில் சுறாக்கள் வாழ்வதைக் கண்ட 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள், கடலிலிருந்து பிரிந்துபோய் நன்னீரிலேயே தங்கிவிட்ட தனி இனம் அது என்று முடிவு செய்து, 1877-இல் அதற்குத் தனிப்பெயரும் சூட்டினார்கள். நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருந்த இந்தக் கொள்கை 1960-களில் சரிந்தது. முதலில், ஏரிச் சுறாவும் கடற் காளைச் சுறாவும் ஒன்றே என்பது உடலமைப்பால் புலப்பட்டது. பிறகு தார்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நூற்றுக்கணக்கான சுறாக்களுக்கு அடையாளச் சீட்டுக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். ஏரியில் சீட்டுக் கட்டியது கடலில் அகப்பட்டது. கடலோரத்தில் கட்டியது ஏரியில் அகப்பட்டது. இடையில் உள்ள சான் ஹுவான் நதியின் நீரோட்டங்களை எதிர்த்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தை அவை நீந்திக் கடந்திருந்தன. ஏரி அவற்றிற்கு ஒரு மேய்ச்சல் நிலம், வீடு கடல்தான்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு அருகே, கார்புரூக் என்னும் இடத்துக் கோல்ஃப் மைதானத்தில் ஒரு குளம் உண்டு. 1990-களில் லோகன் நதி பெருக்கெடுத்துக் கரை புரண்டபோது சில இளம் காளைச் சுறாக்கள் அதனுள் அடித்துவரப்பட்டன. வெள்ளம் வடிந்ததும் வழி அடைந்தது. பந்தாட வந்தவர்கள் பார்த்திருக்க, அவை வளர்ந்து பெருத்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் அக்குளத்திலேயே ஜீவித்திருந்தன. ஆனால் ஒரு குட்டிகூட அங்கே பிறந்ததாகப் பதிவில்லை. நம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் சுறா வாழுமா என்று கேட்பவருக்கு இந்தக் குளமே நேரான விடை: வேண்டிய இரையும் தெளிந்த ஜலமும் ஆழமும் இருந்தால், சரியான இனத்துச் சுறா ஒரு குளத்தில் தன் ஆயுளைக் கழிக்கலாம், வம்சத்தை வளர்க்க முடியாது.

[பெட்டிச் செய்தி: ஆறேறிய சுறாக்கள்]
மிசிசிப்பி நதி: 1937-இல், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, இல்லினாய் மாநிலத்து ஆல்டன் நகரருகே ஐந்தடி நீளக் காளைச் சுறா பிடிபட்டது.
அமேசான் நதி: 3,500 கி.மீ.க்கும் மேல் மேலேறிப் பெரு நாட்டை எட்டியிருக்கிறது.
ஜாம்பசி நதி: தென்னாப்பிரிக்காவில் காளைச் சுறாவுக்கு வழங்கும் பெயரே ஜாம்பசிச் சுறா.
வைதரணா நதி: 2024 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில், கடலேற்றம் எட்டும் ஆற்றுப் பகுதியில் சுறா ஒன்று ஓர் இளைஞரின் காலைக் கடித்தது.

கங்கைக்கென்று ஒரு சுறா

காளைச் சுறா விருந்தாளியாக ஆற்றுக்கு வருவது. ஆற்றையும் முகத்துவாரத்தையுமே பிரதானமாக நம்பி வாழும் வேறொரு குலமும் உண்டு. அதன் தலைமகன் நம் பாரத நாட்டைச் சேர்ந்தது. கங்கைச் சுறா என்பது அதன் பெயர். கலங்கல் நீரில் கண்ணால் ஆவது அற்பம் என்பதாலோ என்னவோ, அதன் கண்கள் மிகச் சிறியவை. ஜெர்மானிய அறிஞர்களான முல்லரும் ஹென்லேயும் 1839-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட சுறா நூலில்தான் அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. காளைச் சுறாவும், நம் கடலோர நகரத்தின் பெயர் தாங்கிய புதுச்சேரிச் சுறாவும் அதே நூலில்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. மூன்றனுள் காளைச் சுறா உலகெங்கும் திரிகிறது. புதுச்சேரிச் சுறாவை 1979-க்குப் பிறகு ஆராய்ச்சியாளர் எவரும் உறுதியாகப் பதிவு செய்யவில்லை. கங்கைச் சுறாவுக்கு நெடுங்காலம் பிரமாணமாக இருந்தவை 19-ஆம் நூற்றாண்டில் காட்சிசாலைகளுக்குச் சென்ற மூன்றே மாதிரிகள். 2016 பிப்ரவரியில் மும்பை சாசூன் துறைமுகத்தில், மீன்பிடிப் படகுகளின் சரக்கினிடையே பெண் சுறா ஒன்று தென்பட்டது. எட்டரை அடிக்கும் மேற்பட்ட அதன் நீளத்தை அளந்து முடிக்கத்தான் அவகாசம் கிடைத்தது, உடனே அது விலைபோய்விட்டது.

கங்கைக் கரையில் குளிப்பவர்களை இது கடிக்கும் என்று பழைய நூல்கள் பயமுறுத்தும். அப்பழியில் பெரும்பகுதி காளைச் சுறாவுடையதாக இருக்கலாம் என்பது பின்வந்த ஆராய்ச்சியாளரின் கருத்து. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்துவது எளிதன்று. கொலைகாரன் என்ற பட்டம் ஒரு பிராணிக்கு விரைவில் கிடைத்துவிடுகிறது. அதைக் களைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. 2001-இல் நம் அரசாங்கம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்து, புலிக்குத் தரும் அதே பாதுகாப்பைத் தந்தது. புதுச்சேரிச் சுறாவுக்கும், வேளா மீனுக்கும் அப்போதே அந்த இடம் கிடைத்தது. வேளாவின் நீண்ட பல்முக வாளைப் பரதவர் நட்டு வழிபட்டிருக்கக்கூடும் என்று, பட்டினப்பாலை கூறும் சுறாக்கொம்பு வழிபாட்டைக்கொண்டு கருதுவார் உண்டு.

வெகு காலத்துக்கு முன்னே நன்னீரே தாயகமான சுறாக்கள் இந்நாட்டில் மெய்யாகவே இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைப் படிவுகளில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்ந்த சிறு சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. அக்குலம் அடியோடு அழிந்துபோயிற்று.

[பெட்டிச் செய்தி: பெயரளவில் சுறா]
வாளை: நம் ஆறுகளிலும் கண்மாய்களிலும் வாழும், செதிலற்ற, அகன்ற வாய் கொண்ட வேட்டை மீன். நன்னீர்ச் சுறா என்று மீன்வள நூல்கள் இதையே அழைக்கும். உண்மையில் இது கெளுத்தியின் உறவு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இதுவும் எளிதில் அழிவுக்குள்ளாகக்கூடிய இனமாகவே இருக்கிறது.
கண்ணாடித் தொட்டிக் கடைகளின் 'ஷார்க்': சிவந்த வாலுடைய 'ரெட் டெயில் ஷார்க்', வெள்ளி நிற 'பாலா ஷார்க்' இரண்டும் கெண்டைக் குடும்பம்; மேகாங் நதிக் குஞ்சு ஒன்றும் இப்பெயரில் விற்கப்படுகிறது, அது கெளுத்தி. வளர்ந்து தொட்டி கொள்ளாதபோது இவற்றைக் கண்மாயில் விட்டுவிடும் வழக்கம் பெருந்தீங்கு. 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி வந்து விடப்பட்ட மீன்கள் தமிழகத்துக் குளங்கள் பலவற்றில் பெருகி நாட்டு மீனை ஒடுக்கிவிட்டன.

கடல் புகாத நதி

மதுரைக்கும் சுறாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர், சொக்கநாதப் பெருமானின் அறுபத்துநான்கு திருவிளையாடல்களில் ஐம்பத்தேழாவதை நினைவுகூரவேண்டும். பரதவர் குலத்தில் பிறந்த உமையை மணக்க இறைவன் வலைஞராக வருகிறார். நந்திதேவர் சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். யாருக்கும் அகப்படாத அந்தச் சுறா இறைவன் வீசிய வலையில் சிக்குகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர்க் கடற்கரையில் இந்த வலைவீசும் விழாவை இன்றும் கொண்டாடுகிறார்கள். புராணத்திலும் சுறா கடலில்தான் இருந்தது. இறைவனே அதைத் தேடிச் சென்றார். வைகையில் சுறா வந்ததாக, அப்புராணத்தை இயற்றிய பரஞ்சோதி முனிவர்கூடப் பாடவில்லை.

ஆனால் வர முடியுமா என்பதை நிலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்போம். காளைச் சுறா நம் கரையோரக் கடலிலும் உண்டு. வருஷநாட்டு மலைகளில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகையின் மிகுநீர் பாக் விரிகுடாவைச் சேரும் இடம் இராமநாதபுரத்தை அடுத்த ஆற்றங்கரை என்ற ஊர். அங்கிருந்து மதுரை நேர்க்கோட்டில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆல்டன் வரை சென்ற சுறாவின் பிரயாணத்தில் அது சிறு பின்னம். அவ்வழியே அழகன்குளத்துத் துறையில் ரோமானியரின் மட்கலங்கள் வந்திறங்கின என்பதைத் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வுகள் காட்டியிருக்கின்றன. தூரம் தடையன்று. வழியே தடை.

முகத்துவாரத்தைக் கடந்த சுறாவை முதலில் இராமநாதபுரம் பெரிய கண்மாயின் கரை மறிக்கும். வைகை தன் ஜலத்தையெல்லாம் இந்தக் கண்மாயில்தான் கொட்டுகிறது. அது நிரம்பி வழிந்தால்தான் கடலுக்கு ஒரு பங்கு கிடைக்கும். அதற்கு மேலே பார்த்திபனூர் மதகணை, மானாமதுரையையும் திருப்புவனத்தையும் தாண்டினால் விரகனூர் மதகணை, அதற்கும் மேலே நகருக்குள்ளேயே தடுப்பணைகள், பிறகு பேரணை, கடைசியில், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை. இவற்றுக்கு இடைப்பட்ட மணலில் ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் நீந்துவதற்கு ஜலம் கிடையாது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கென்று அணையைத் திறந்து தண்ணீர் விடவேண்டியிருக்கும் நதி, ஓர் ஆள் நீளப் பிராணியை எவ்வாறு சுமந்துவரும்?

வைகை கடல் புகாத நதி என்பதை மதுரைக்காரர் பெருமையாகவே சொல்வது வழக்கம். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. வறண்ட சமவெளியில் ஒரு சொட்டையும் வீணாக்காமல், கண்மாயிலிருந்து மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்கு என்று சங்கிலித் தொடராகத் தேக்கி நெல் விளைத்த முன்னோரின் கெட்டிக்காரத்தனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1895-இல் முல்லைப்பெரியாற்று நீரை மேற்கிலிருந்து திருப்பி வைகைக்குக் கொண்டுவந்த பென்னிகுவிக்கின் அணையும் அந்தச் சிந்தனையின் நீட்சிதான். ஆனால் அக்காலத்தில் கடலுக்குப் போகாத தண்ணீர் கண்மாய்க்குப் போயிற்று. பெருமழைக் காலத்தில் நதி முழுநீளமும் ஓடி முகத்துவாரத்தையும் தொட்டது. இன்று கண்மாய்கள் தூர்ந்து கிடக்கின்றன. ஆற்று மணல் அள்ளப்பட்டுப் படுகை பள்ளமாகிவிட்டது. நகரத்துச் சாக்கடை ஆற்றிலேயே கலக்கிறது. மழை பெய்தால் செல்லூர் வாய்க்காலில் நுரை ஆளுயரம் பொங்குகிறது. இந்த நிலையைப் பெருமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சுறா வராததால் என்ன நஷ்டம்?

சுறா வராதது நல்லதுதானே என்று வாசகர் கேட்கலாம். சுறாவுக்கு அடைபட்ட வழி வேறு எவற்றுக்கெல்லாம் அடைபட்டது என்பதைக் கணக்கிட்டால்தான் நஷ்டம் தெரியும். கடலில் பிறந்து, கண்ணாடி இழைபோன்ற குஞ்சாக ஆறேறி, நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே திரும்பும் விலாங்கு. முகத்துவாரத்தில் இனம்பெருக்கி ஆற்றில் மேயும் கொடுவா. உவர்நீர் இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காத பெரிய ஆற்று இறால். கூட்டம் கூட்டமாக உள்ளே வரும் மடவை. இவை யாவும் ஏழை எளியவரின் சட்டியில் விழுந்தவை.

காவிரியின் கதையே போதிய சாட்சி. உல்லம் என்னும் மீன், வங்காளிகள் இலீசா என்று உயிராய்ப் போற்றுவது, ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறிவந்தது. கீழணை எழுந்தது, 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது, உல்லத்தின் பயணம் ஒடுங்கிப்போயிற்று. கங்கையில் 1975-இல் பரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், அலகாபாத் வரை சென்ற இலீசாவுக்கும் அதே கதி நேர்ந்தது. கங்கைச் சுறாவின் அழிவுக்கு வலையோடு அணைகளையும் மாசையும் காரணமாகக் காட்டுகிறார்கள். ஒரு சாதாரண மீனுக்கும், புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்புப் பெற்ற சுறாவுக்கும் ஒரே கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

கடலிலேயே இருக்கும் சுறாக்களின் கதியும் சொல்லும்படியாக இல்லை. பெருங்கடல்களில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970-லிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டதென 2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சுறா மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமெய்தி, சில குட்டிகளே ஈனும் பிராணி. காளைச் சுறா கருவைச் சுமப்பதே ஏறக்குறைய பத்து, பதினொரு மாதங்கள். மத்தி பிடிப்பதுபோல் சுறா பிடித்தால் கடல் ஈடுகொடுக்காது. துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிவதை 2013-இல் மத்திய அரசு தடுத்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதியையும் தடைசெய்தது. எனினும் சட்டத்தில் இருக்கும் பெயரைக் கரையில் கிடக்கும் மீனோடு பொருத்திப் பார்ப்பதற்கு, சிறு சிறு வேறுபாடுகளை அறிந்த கண் வேண்டும். முழங்கை நீளக் குட்டி ஒன்று பால் சுறாவா, பாதுகாக்கப்பட்ட இனத்தின் குஞ்சா என்பதைப் படகிலோ அங்காடியிலோ யார் பிரித்துச் சொல்வது? படம் போட்ட தமிழ்ப் பலகை ஒன்று ஒவ்வொரு இறங்குதளத்திலும் நிற்கவேண்டும். மீனவர் சொல்லும் பெயரிலேயே அது எழுதப்படவேண்டும். சுறாப்புட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, உரிமையுமில்லை. கர்ப்பச் சுறாவும் அருகிய இனமும் வலையில் ஏறினால் உயிரோடு திருப்பி விடுவதற்கு மீனவருக்கு ஈடு தரும் ஏற்பாடு வந்தால், புட்டும் நிலைக்கும், சுறாவும் நிலைக்கும்.

ஆற்றைப் பற்றிச் செய்யக்கூடியதும் உண்டு. பரக்காவில் புதிதாகக் கட்டிய கப்பல் மதகை, இலீசா மேலேறும் காலத்தில் மீனுக்கு வழிவிடும்படி இயக்கும் ஏற்பாடு 2019-இல் அறிவிக்கப்பட்டது. மதகணைகளின் ஓரத்தில் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் மீன்வழி அமைப்பது உலகின் பல நதிகளில் பழகிய வேலை. பார்த்திபனூரிலும் விரகனூரிலும் மதகுகளைப் பழுதுபார்க்கும்போது அத்தகைய மீன்வழியைச் சேர்க்கலாம். நகருக்குள் இனி எழும் தடுப்பணை எதுவும் அது இல்லாமல் எழக்கூடாது. வடகிழக்குப் பருவமழை செழித்து, இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பிய ஆண்டுகளில், மிச்ச வெள்ளத்தைச் சில வாரங்களேனும் தொடர்ச்சியாக ஆற்றங்கரை முகத்துவாரம்வரை ஓடவிடலாம். விவசாயியின் பங்கிலிருந்து ஒரு மரக்கால் குறைக்கவேண்டியதில்லை. கண்மாய் நிரம்பியபின் வழிவதைத்தான் கேட்கிறோம். நீர்வளத் துறையின் திறப்பு அட்டவணையில் பாசனம், குடிநீர், திருவிழா என்ற மூன்றோடு முகத்துவாரம் என்ற நான்காவது தலைப்பும் ஏறினால், கொடுவாவும் விலாங்கும் மடவையும் முதலில் வரும்.